அத்தை கூட்டிய பஞ்சாயத்து

நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்துகொள்ள ஒருவர் பரீட்சை எழுத வேண்டும் என்பதே எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அத்தை அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. தபால் வழியில் எம்.ஏ. தத்துவம், அதில் அறவியல் என்று ஒரு தாள். மற்ற தாள்களையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தே படித்து முடித்துவிடுவாள். அறவியலை மட்டும் வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் பிடித்து உட்காரவைத்து, கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் படிப்பாள். அந்த ஒரு தாளை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் படித்தோம் என்று சொல்ல வேண்டும். பாஸாகப் போவது மட்டும் அவள்.

மாரிகுப்பத்தில் எங்களுடையது தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் தட்டி கட்டி மறைத்த ஒரு இடம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் உப்பு கூடிவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். அத்தை எங்களைக் கேட்கும் கேள்விகளுக்கு அவளும் அங்கிருந்தே பதில் சொல்வாள்.

அந்தக் கேள்விகள் சோறு உண்ணும் நேரத்தில்தான் வரும். ஒரு பொய் சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும் என்றால் அந்தப் பொய்யைச் சொல்லலாமா? அம்மா குழம்புக் கரண்டியை நீட்டியபடி, "சொல்லலாம், சொல்லக் கூடாது, ரெண்டுல ஒண்ணு வெச்சுக்கோ. மொதல்ல தட்டக் காட்டு" என்பாள். சித்தப்பாவுக்கு எரிச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வருகிற குடும்பம் எங்களுடையது. "அஞ்சு சீலமே ஒயுங்கா கடப்பிடிக்க முடியல. அதுக்கு மேல இன்னாத்துக்கு ஒரு எத்திக்ஸு" என்பார்.

தாத்தாவிடம் மட்டும் அத்தையின் ஜம்பம் பலித்ததில்லை. சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் பாறை ஏற்றுகிற ஒரு டப்பு வண்டி கட்டறுந்து ஓடிவருகிறது, நேரே போனால் ஐந்து பேர் மேல் ஏறும், திருப்பிவிட்டால் ஒருவர் மேல் ஏறும், என்ன செய்வீர்கள் நைனா என்று ஒரு நாள் கேட்டாள். தாத்தா வெகுநேரம் யோசித்தார். பிறகு, "அந்த ஒருத்தன் யாரு" என்றார். யாரோ ஒரு ஆள் நைனா, பேரெல்லாம் கிடையாது என்றாள் அத்தை. "பேரு இல்லாத ஆளு எப்டிமா கீழ எறங்குவான். பேரச் சொல்லு, அப்பால சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இருமத் தொடங்கிவிட்டார். அத்தை புத்தகத்தை மூடிவிட்டாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த இருமல்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமானது. தாத்தா நந்திதுர்க் சுரங்கத்தில் இளவயதிலிருந்து பாறையில் துளை போட்டவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, அவரை அன்ஃபிட் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் அப்போது புதிதாக ஆள் எடுப்பதே அநேகமாக நின்றுபோயிருந்தது. ஆனாலும் அன்ஃபிட் ஆனவரின் வீட்டிலிருந்து ஒருவருக்கு வேலை தருகிற வழக்கம் ஏதோ கொஞ்சம் உயிரோடு இருந்தது. யூனியன்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். கீழே இறங்குகிற வேலை இல்லையாம், மேலே டைம் ஆபீஸில் ஆஜர் எழுதுகிற வேலை, கொஞ்சம் டைப்பும் அடிக்க வேண்டியிருக்குமாம். திங்கட்கிழமை காலையில் தாத்தா வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பெயர். தாத்தாவுக்கோ இரண்டு பையன்கள்.

அப்பா பங்காருப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். முதலாளிக்கு மனது சரியில்லை என்றால் அடுத்த நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிற வேலை. சித்தப்பாவுக்கு அதுவும் கிடையாது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவர். யூனியன்காரர் வந்துபோன அன்றிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, நடுவில் என்னை வைத்துக்கொண்டார்கள். "உங்க சித்தப்பன அந்த ரேடியோவ நிறுத்தச் சொல்லு." "உங்க அப்பன செருப்ப வெளிய வுடச் சொல்லு." பேசாமல் இருப்பவர்களுக்கு இத்தனை பேச்சு எங்கிருந்து வந்ததோ. எனக்குத்தான் தொண்டை கட்டிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ராபர்ட்சன்பேட்டைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே பெரிய ராட்டினம் வந்திருந்தது. நான் விகாரையிலிருந்து வந்த கையோடு நல்ல கவுனைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றேன். அத்தை வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். எல்லோரையும் சுற்றி உட்காரச் சொன்னாள். இப்படி முறைத்துக்கொண்டே இருந்தால் திங்கட்கிழமை வந்துவிடும், யோசித்து நியாயமாக ஒரு முடிவெடுப்போம், அதற்கு வழியெல்லாம் இருக்கிறது என்றாள்.

"எத்தினி வழி இக்குது" என்று கேட்டாள் அம்மா. இட்லிக்கு ஊறப்போட்டது அப்படியே கிடக்கிறதே என்ற கவலை அவளுக்கு.

அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வழியை எடுத்தாள். நிறையப் பேருக்கு நிறைய நன்மை எதில் கிடைக்கிறதோ அதுதான் சரி. அப்படிப் பார்த்தால் அப்பாவுக்கு நான், அம்மா எல்லாம் இருக்கிறோம், சித்தப்பா ஒண்டிக்கட்டை. அப்பாவின் முகம் மலர்ந்தது. சித்தப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வேல குடு, கல்யாணம் பண்ணிக்கிறேன். அப்பால நாங்களும் நாலு பேருதான்." பிறக்காத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று அத்தை புத்தகத்தைப் புரட்டினாள். அதில் சேர்க்கலாம் என்றும் இருந்தது, கூடாது என்றும் இருந்தது.

சரி, அடுத்தது. பலன் என்னவானாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் கடமை. இப்போது சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். அப்போது தாத்தா, என் வேலை உனக்குத்தான்டா என்று சொல்லியிருந்தார். அப்பா விடவில்லை. காய்ச்சலில் உளறியதெல்லாம் வாக்கா என்றார். காய்ச்சலில் கொடுத்த வாக்கு வாக்கு ஆகுமா என்று அத்தை எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"ஜொரத்துல சொல்றதுதான்மா நெசம்" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "என் வூட்டுக்காரு ஜொரத்துலதான் எங்கம்மாளப் பத்தி மனசுல இக்கறதச் சொன்னாரு."

அப்போது தரை ஒரு தடவை குலுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கீழே எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது. ஏர் பிளாஸ்ட் வந்தால் எங்கள் ஊரில் யாரும் அலற மாட்டார்கள். இந்த ஷிப்டில் நம் ஆட்கள் யார் கீழே இருக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்கள். தாத்தா தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். விபத்துச் சங்கு ஊதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கீழே ஆளும் குறைவு. ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். சித்தப்பா உடனே, "அப்போ நைனா உளறலையேன்றேன்" என்று விட்ட இடத்தில் தொடங்கினார். பூமியே குலுங்கியும் இவர்கள் நிற்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது வழி, யார் நல்ல குணமுள்ளவர் என்று பார்ப்பது. அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா அதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத. அப்பால இந்த வூட்ல யாரும் யாரு கையாலயும் சோறு துன்ன முடியாது." எனக்குத் தெரிந்து அன்றைக்குப் பேசப்பட்டவற்றிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து நான் செருப்பை மாட்டினேன். அத்தை கழற்றச் சொன்னாள். இன்னும் ஒன்று இருக்கிறதாம். அதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததாம். யாரும் தனக்காகத் தானே பேசக் கூடாது. ஒவ்வொருவரும் இன்னொருவர் இடத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவராகவே பேச வேண்டும். மனசாட்சியோடு பேச வேண்டும். அப்பா சித்தப்பாவாக வேண்டும், சித்தப்பா அப்பாவாக வேண்டும். அம்மாவுக்குத் தாத்தாவின் இடம், தாத்தாவுக்கு அம்மாவின் இடம். எழுந்து உண்மையாகவே இடம் மாறி உட்காரச் சொன்னாள். அவர்களும் முனகிக்கொண்டே மாறி உட்கார்ந்தார்கள்.

அப்பா நக்கலாகத்தான் ஆரம்பித்தார். "நானு பெரிய தொர. காலீல எய்ந்து தல வாரிக்கினு கேரம் ஆடப் போவேன்." சித்தப்பா பல்லைக் கடித்தார். அத்தை, "மனசாட்சியோட, அண்ணா" என்றாள். அப்பாவின் குரல் மாறிவிட்டது. "எங்க இண்டர்வியூக்குப் போனாலும் அண்ணன் சட்டையத்தான் போட்டுக்கினு போறேன். தோளு தொங்குது. பாக்குறவனுக்கு அது என் சட்ட இல்லன்னு தெரியுது. எனக்கு ஒரு வேல வேணும்."

சித்தப்பா தரையைக் கீறியபடி, அப்பாவின் இடத்திலிருந்து சொன்னார்: "மொதலாளி கார் சத்தம் கேட்டாலே லேத்துக்குப் பின்னால போய் நின்னுக்கறேன். பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டேன். பொண்ண ராட்டனத்துக்குக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லிட்டு இங்க குந்திக்கினு இக்கறேன். எனக்கும் நிரந்தரமா ஒண்ணு வேணும்." எனக்காகப் பேசிய ஒரே ஆள் சித்தப்பாதான் என்று அவர்மேல் அப்போது பிரியமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு ஆண்களுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. இப்போது அப்பா, தம்பிக்குத்தான் வேலை என்று அடித்துச் சொன்னார். சித்தப்பா, அண்ணனுக்குத்தான் என்றார். நீ எடுத்துக்கோ, இல்லை நீ எடுத்துக்கோ என்று ஆரம்பித்து, எனக்கு நீ பிச்சை போடுகிறாயா, பெரிய தர்மப்பிரபுவா என்று குரல் உயர்ந்து, பழைய சண்டையே தலைகீழாக மறுபடி நடந்தது. அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

தாத்தாவின் இடத்தில் இருந்த அம்மா, "எனக்கு சண்ட இல்லாம ஒரு வாய் சோறு எறங்கினா போதும்" என்றாள். தாத்தா தலையாட்டினார். பிறகு அம்மாவின் இடத்திலிருந்து அவர், "ஊறப்போட்டது இன்னும் ஆட்டல" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அதில் கொஞ்சம் அடங்கியது. அம்மா எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி" என்றாள் அத்தை. "என் எடத்துல யாரும் பேசலையே."

"நீ இன்னாத்துக்கு இதுல" என்று கேட்டார் சித்தப்பா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"வூட்ல நானும் ஒரு ஆளுதானே." சொல்லிவிட்டு அத்தை சுற்றிலும் பார்த்தாள். மீதி இருந்தது நான் ஒருத்திதான். அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னை உட்காரவைத்தாள். என் முன்னால் வந்து மண்டியிட்டாள். "இப்ப நீதான் நானு. இந்த வேல விஷயத்துல எனக்கு இன்னா வேணும், சொல்லு பாப்பா."

நான் பசியில் இருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஏனோதானோ என்று நான் பதில் சொல்லவில்லை. மனசாட்சியோடு யோசித்தேன். மீன் குழம்பு வைத்தால் தலையும் வாலும்தான் அத்தைக்கு. அதுதான் ருசி என்பாள். புதுப்புடவை எடுத்தால் அம்மா வேண்டாம் என்று ஒதுக்கியது அவளுக்கு. அதே நிறம்தான் பிடிக்கும் என்பாள். படுக்கும்போது கதவோரம் அவள் இடம். காற்று வரும் என்பாள்.

"எனக்கு ஒண்ணும் வேணா" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுதான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் வேணா. யாருக்குக் கெடச்சாலும் சந்தோசம்."

அப்பா சிரித்தார். "கொயந்தையா இர்ந்தாலும் கரெக்டா சொல்ட்டா பாரு." அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். தாத்தா மட்டும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அது நிற்கிற வரைக்கும் அத்தைதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருமி ஓய்ந்ததும், சின்னவன் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். அப்பா சரி என்றார். வெளியே போய் வெகுநேரம் முகம் கழுவினார். அன்றைக்குப் பொருட்காட்சிக்கு யாரும் போகவில்லை.

சித்தப்பா டைம் ஆபீஸுக்குப் போனார். ஒற்றை விரலால் டைப் அடித்தார். சாயந்திரம் வந்து எந்த ஆங்கில வார்த்தைக்கு என்ன எழுத்து என்று அத்தையிடம்தான் கேட்பார். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். சில வருஷங்களில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். யாருக்குக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான் என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். பலனை வைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு நியாயம். அத்தை தேறி, பங்காருப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, எங்கள் ஊர் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை.

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நாள் முழுவதும் எங்கள் உயிரை எடுத்துவிட்டு, பலன், கடமை, குணம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தது கடைசியில் அந்த ஒரு கேள்விக்கு வந்து நிற்பதற்குத்தான் என்றால், முதலிலேயே வாயைத் திறந்து, எனக்கு அந்த வேலை வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே. தனக்காகத் தானே பேசக் கூடாது என்று ஒரு விதியைப் போட்டு, அதில் தானே போய் மாட்டிக்கொண்டு, யாராவது ஒருவர் தன் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தால் யார் சொல்வார்கள்? யாருக்கும் தோன்றவில்லை. சொல்லும்படி அவள் கேட்டது என்னைத்தான். எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றாக வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். "இன்னாத்துக்கு அப்டி சொன்ன" என்று கேட்டாள், தலை நிமிராமல்.

"நீயா இர்ந்து சொல்லச் சொன்னல்ல அத்த. நீ அப்டித்தானே சொல்லுவ."

அத்தை தேய்த்த பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள். "ஆமா," என்றாள். "அப்டித்தான் சொல்லியிருப்பேன்."

எனக்கு ஒரே பெருமை. வீட்டில் இத்தனை பேர் இருந்தும், அவளைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.